உப்புக் காற்று வீடுகள்: எதில் நாமே கை வைக்கலாம், எதில் கூடாது?

மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி கட்டி, கழிமுகத்து நீரை வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்துப் பேசப்படும் உப்பு ஊர் இது. பலரைச் சோறு போட்டு வளர்த்த அதே உப்பு, காற்றில் ஏறி வந்து வீட்டு இரும்பைத் தின்கிறது. அனுமந்தை, கூனிமேடு, பொம்மையார்பாளையம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குப்பங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் துரு ஒட்டும். கேட்டின் அடிப்பகுதி முதலில் போகும், அடுத்து மீட்டர் பெட்டியின் திருகு. கூரைத் தளத்துக்குள் இருக்கும் கம்பி கடைசியில் போகும். அது போவது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

அந்தச் சாலையிலிருந்து மேற்கே செம்மண் மேட்டில் ஏறினால் முந்திரிக்கும் சவுக்குக்கும் நடுவே இடையஞ்சாவடி. வானூர் வட்டத்து ஊர். 1968-ல் தொடங்கிய ஆரோவில் இதன் வாசலிலேயே வளர்ந்தது. அந்தக் கட்டட வேலைகளால் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர், பிளம்பர், வயரிங் வேலை செய்பவர் என்று தொழில் கற்ற கைகள் நிறையவே உருவாகின. கடலிலிருந்து சற்று உள்ளே, மேட்டில் இருப்பதால் குப்பங்களின் அளவுக்கு உப்புக் காற்றின் கொடுமை இங்கே இல்லை. ஆனால் இந்த மேட்டின் கைகள் பழுது பார்க்கப் போவது கடலோர வீடுகளுக்கும்தான்.

இப்படிப்பட்ட ஊர்களில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி கூர்மையாகிறது. எல்லாருக்கும் எல்லாம் கொஞ்சம் தெரியும். மாமன் மகன் வயரிங் செய்வான், பக்கத்து வீட்டு அண்ணன் பூசுவார், நமக்கே ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும். "இதுக்குப் போய் ஆள் கூப்பிடுவாங்களா?" என்ற கேள்வி கௌரவத்தோடு சம்பந்தப்பட்டது. கூலி மிச்சம் என்பது உண்மையான காரணம். இரண்டையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், எனக்குச் செய்யத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும். இதில் பிழை நேர்ந்தால் அதன் விலையை யார் கொடுப்பார்?

குழாயின் வாஷரைத் தப்பாகப் போட்டால் தண்ணீர் ஒழுகும். திரும்பக் கழற்றிப் போடலாம். விலை நம்முடையது, சில்லறை விலை. மேல்தொட்டியின் மிதவை வால்வு, கொசுவலைச் சட்டம், கதவுக் கீல், சுவருக்குச் சுண்ணாம்பு, கீற்றுக் கொட்டகைக்குப் புதுக் கீற்று ஆகிய எல்லாமே இந்தக் கணக்கில் வரும். இவற்றை நாமே செய்வதில் தப்பே இல்லை. செய்யத்தான் வேண்டும். ஜன்னல் கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் பூசுவது பொறுமை மட்டும் கேட்கும் வேலை. புரட்டாசி முடிவதற்குள் மாடித் தண்ணீர் போகும் வாயில் அடைந்த சருகை எடுத்துவிட்டாலே தளத்தில் நீர் தேங்குவது நிற்கும். கடலோர வீட்டின் ஆயுளைக் கூட்டும் வேலைகளில் இதைவிட மலிவானது கிடையாது.

மின்சாரத்துக்கு வருவோம். எது நம் வேலை, எது உரிமம் பெற்றவர் வேலை என்பதற்குச் சட்டமே ஒரு கோடு போட்டிருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி அந்தக் கோட்டைப் போட்டது. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதையே தொடர்ந்தன. பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச், சிறிய வீட்டு உபயோகப் பொருள் ஆகியவற்றை மாற்றிப் போடலாம். ஆனால் அந்த மாற்றம் இணைப்பின் திறனையோ அமைப்பையோ மாற்றிவிடக் கூடாது. அதற்கு மேல் கூட்டுவது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமத்தையும் கம்பியாள் தகுதிச் சான்றையும் தர மின் உரிமம் வழங்கும் வாரியம் என்றே ஓர் அமைப்பு இருக்கிறது.

நல்ல கோடு அது. பழைய சுவிட்ச் போய்ப் புது சுவிட்ச் வருகிறதா? மெயினை அணைத்துவிட்டுச் செய்யலாம். கொல்லையில் புதிதாக ஒரு மோட்டாருக்கு லைன் இழுக்கிறீர்களா, ஏசிக்குத் தனி பாயின்ட் வேண்டுமா, அடிக்கடி பியூஸ் போகிறதே என்று கட்டைக்குள் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றப் பார்க்கிறீர்களா? அங்கே திறன் மாறுகிறது, கை எடுத்துவிட வேண்டும். தடித்த கம்பி சுற்றினால் பியூஸ் போவது நிற்கும், உண்மைதான். அடுத்த முறை சுமை கூடும்போது பியூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும்.

உலகத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் கோடு போடவில்லை. நியூசிலாந்தில் வீட்டுக்காரர் தன் வீட்டு வயரிங்கில் குறிப்பிட்ட சில வேலைகளைத் தானே செய்யலாம். சோதனையாளர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இணைப்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நிலையான வயரிங்கை உரிமம் இல்லாதவர் தொடுவதே குற்றம். இங்கிலாந்து 2005-ல் கட்டட விதிகளில் வீட்டு மின்வேலைக்கென்று தனிப் பகுதியைச் சேர்த்தது. கோட்டின் இடம் வேறுபட்டாலும், கண்ணில் படாத வேலையை இன்னொரு கண் சோதிக்க வேண்டும் என்பதில் மூன்று இடத்திலும் ஒரே புத்திதான்.

ஒரு கணக்கை மட்டும் நின்று பார்க்க வேண்டும். வீட்டில் 5 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது, எம்சிபி இருக்கிறது, அது காப்பாற்றும் என்று நம்புகிறோம். 5 ஆம்பியர் என்பது 5,000 மில்லி ஆம்பியர். மனித உடம்பின் வழியாக 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்து உயிர் போகலாம். பியூஸைப் பொறுத்தவரை அது ஒரு சிறிய பல்பு எரியும் அளவு மின்னோட்டம், அசையாது. பியூஸும் எம்சிபியும் வயரைக் காப்பாற்றப் பிறந்தவை. மனிதரைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி என்ற கசிவு மின் துண்டிப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் ஒன்றாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆவதற்குள் துண்டித்துவிடும். ஐப்பசி மழையில் நனைந்த சுவர், தகரக் கூரையில் உரசும் சர்வீஸ் வயர், அந்தத் தகரத்தைத் தாங்கும் இரும்புத் தூணில் கட்டிய துணிக்கொடிக் கம்பி, அதில் ஈரத்துணி காயப்போடும் பெண். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் மழைக்காலம்தோறும் படிக்கும் சாவு இது. கொடிக்குக் கம்பி கட்டாமல் நைலான் கயிறு கட்டுவது நம் வேலை, இன்றே செய்யலாம். ஆர்சிசிபி பொருத்துவதும் எர்த் சரிபார்ப்பதும் தெரிந்தவர் வேலை.

எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது நம்மூர் வழக்கம். உப்பு மண்ணின் தடையைக் குறைக்கும். ஆனால் அதே உப்பு குழிக்குள் இருக்கும் இரும்புக் குழாயை அரிக்கவும் செய்யும். மேலே பார்த்தால் குழாய் நின்றுகொண்டிருக்கும். அடியில் இருக்கிறதா என்பது கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். மேட்டு ஊர்களின் செம்மண்ணோ கோடையில் காய்ந்துபோய் எர்த்தே பிடிக்காது. டெஸ்டரில் சிவப்பு எரிந்ததா இல்லையா என்பதோடு முடிகிற சோதனை இல்லை இது.

பிழையின் விலையை வேறொருவர் கொடுப்பது புயலுக்குப் பின்னால்தான் பளிச்சென்று தெரியும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி இந்த மேட்டின் மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. இப்படிப்பட்ட புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இருக்காது. வாடகைக்கு ஜெனரேட்டர் வரும். அதன் வயரை வீட்டின் ஏதாவதொரு பிளக்கில் சொருகி வீடு முழுக்க விளக்கு எரியவைப்பவர்கள் உண்டு. மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் சர்வீஸ் வயர் வழியாகத் தெருக் கம்பத்துக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரை எதிர்த்திசையில் எட்டினால் 230 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாக மாறும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியருக்கு அது தெரியாது. விளக்கு எரிந்தது நம் வீட்டில், விலை கொடுத்தது இன்னொரு வீடு. ஒரே நேரத்தில் இரண்டு மின்சாரமும் சேரவே முடியாதபடி தடுக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கடையில் கிடைக்கிறது. உரிமம் பெற்றவர் அதைப் பொருத்தித் தராமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு சேர்க்கவே கூடாது. அவசரத்துக்கு வேண்டுமானால் ஒரு நீட்டிப்புப் பெட்டி வைத்து, பல்பும் போன் சார்ஜரும் மட்டும் நேரடியாக ஜெனரேட்டரிலிருந்து ஓடட்டும்.

புயல் கிளப்பும் இன்னொரு வேலை கூரை. ஓட்டு வீட்டில் நகர்ந்த ஓட்டைச் சரிசெய்வது பழகியவருக்குப் பெரிதல்ல. ஆஸ்பெஸ்டாஸ் சீட் அப்படியில்லை. வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்த சீட், பாசி படிந்து பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். மனித எடையைத் தாங்காது. உடையப்போகிறது என்று முன்கூட்டிச் சத்தமும் போடாது. ஏறத்தான் வேண்டுமென்றால் அடியில் சட்டம் ஓடும் இடம் பார்த்துக் குறுக்கே பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி ஏற வேண்டும். ஈரம் காயாத கூரையில் அதுவும் கூடாது. ஒழுகினால் ஒரு வாரம் தார்ப்பாய் போட்டுச் சமாளிக்கலாம். அந்தச் சீட்டை அறுப்பதும் துளை போடுவதும் தூசியாகக் கிளப்பும். அதில் இருப்பது நுரையீரலில் தங்கும் கல்நார் இழை.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் வேலைக்கு வருகிறேன். கூரைத் தளத்தில் காரை பெயர்வது.

அரசுத் தொகுப்பு வீடுகளிலும், பத்து இருபது வருடம் முன்பு கடன் வாங்கிக் கட்டிய மெத்தை வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். முதலில் தளத்தின் அடியில் நேர்க்கோடாக ஒரு விரிசல் விழும். உள்ளே ஓடும் கம்பியின் தடத்திலேயே விழும். பிறகு பழுப்புக் கறை, பிறகு உப்பிய பூச்சு. ஒரு நாள் ராத்திரி ஒரு துண்டு விழும். கம்பி வெளியே தெரியும், தொட்டால் ஏடு ஏடாகப் பெயரும். இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்து பிளப்பது அந்த நெருக்கடிதான். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்பைப் பிடித்து வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தக் காப்பை அங்கங்கே துளைத்துவிடும். குளோரைடு காற்றில் மட்டும் வருவதில்லை. கழுவாத மணலிலும், கான்கிரீட் கலந்த உவர் போர் தண்ணீரிலும் கட்டிய அன்றே உள்ளே போயிருக்கலாம். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. கடற்காற்று நேரடியாகப் படும் இடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டும் என்கிறது. கிராமத்து வேலையில் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டு வைத்துக் கம்பியைத் தூக்கும் பழக்கத்தில் பாதிகூட வருவதில்லை.

காரை விழுந்ததும் வழக்கமாக நடப்பது என்ன? "பயப்படாதீங்க, ஒரு மூட்டை சிமென்ட், அரை நாள் வேலை." தளர்ந்ததைத் தட்டி உதிர்த்துவிட்டு, துருவின் மேலேயே சிமென்ட் பால் அடித்து, கலவையை அப்பி, தேய்த்து, வெள்ளையடிப்பார்கள். அடுத்த நாள் பார்க்கப் புதுத் தளம் மாதிரி இருக்கும். உள்ளே துரு நிற்கவில்லை. இன்னும் மோசம் ஒன்று உண்டு. புதுக் கலவை மூடிய இடத்துக்கும், குளோரைடு ஊறிய பழைய கான்கிரீட்டுக்கும் நடுவே மின்வேதி வேறுபாடு உண்டாகி, ஒட்டுப்போட்டதன் விளிம்பைச் சுற்றியே கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இரண்டு வருடத்தில் ஒட்டுக்குப் பக்கத்தில் அடுத்த துண்டு விழுவது இதனால்தான். கொத்தனாரை ஏமாற்றுக்காரர் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. அவர் பூச்சு வேலை நன்றாகவே செய்தார். நோய் பூச்சில் இல்லை.

முறையான வேலை எப்படியிருக்கும்? முதலில் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கெட்டுப்போன கான்கிரீட்டை வெட்டி எடுக்க வேண்டும். கம்பி வெள்ளையாகும் வரை துருவை நீக்கி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். தேய்மானம் அதிகமென்றால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். அதன் பிறகுதான் காப்புப் பூச்சும், பாலிமர் கலந்த கலவையும். எவ்வளவு வெட்டலாம், வெட்டும்போது தளம் தாங்குமா, கம்பி சேர்த்தால் போதுமா, தளத்தையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதா என்பதைச் சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். அவர் சொன்னபடி செய்ய வேண்டியவர் கொத்தனார். இரண்டு பேரும் வேண்டும். சென்னைக்கு ஓடத் தேவையில்லை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். 2000-01-க்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்கத் தமிழக அரசு 2024-ல் தனித் திட்டமே அறிவித்தது. தொகுப்பு வீட்டுக்காரர்கள் சொந்தக் காசில் பூசி மறைப்பதற்கு முன், விழுந்த காரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. பூசிவிட்டால் பார்க்க வருபவருக்கும் நோய் தெரியாது.

இடையஞ்சாவடியின் பக்கத்திலேயே கம்பி போட்ட தளத்துக்கு ஒரு மாற்றுச் சிந்தனையும் வளர்ந்திருக்கிறது. 1989-ல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட், சுமார் 5 சதவீத சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல்லால் சுவரும், கம்பியே இல்லாத வளைவுக் கூரையும் குவிமாடமும் கட்டுகிறது; கட்டவும் கற்றுத் தருகிறது. எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான்: துருப்பிடிக்க உள்ளே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. விரிசல் விழுந்தால் அது வெளியே தெரியும் விரிசல். புது வீடு கட்ட நினைப்பவர்கள், பிற்காலத்தில் தங்கள் கையாலேயே எவ்வளவு பழுது பார்க்க முடியும் என்பதையும் அப்போதே யோசிக்கலாம்.

கடைசியாக, கழிவுநீர்த் தொட்டி. இங்கே "ஆளை வைத்துச் செய்வது" என்ற பேச்சே மாற வேண்டும். மற்ற வேலைகளில், தெரியாததைத் தெரிந்தவரிடம் விடு என்கிறோம். செப்டிக் டேங்கில் நம் சமூகம் வேறொன்றைச் செய்து வந்திருக்கிறது. ஆபத்தை, மறுக்க முடியாத நிலையில் இருப்பவர் தலையில் இறக்கியது. அவர் அந்த வேலையில் நிபுணர் என்பதால் இறக்கவில்லை. சாதியாலும் வறுமையாலும் அவரை இறக்க முடிந்தது என்பதால் இறக்கினார்கள். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஆரம்பத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும். அது பல மடங்கு கூடினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்வார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் சாய்வார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இந்த வாயுவைக் காட்டிக் கொடுக்காது; மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும். பாழ்கிணற்றைத் தூர்வாரும்போது டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்குவதும் இதே வகைச் சாவு, அங்கே கொல்வது கார்பன் மோனாக்சைடு.

கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மிகத் தெளிவானது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைத் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்குபவருக்கு, அவர் வீட்டுக்காரராக இருந்தாலும், முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இறந்தால் தரும் இழப்பீட்டை 2014-ல் 10 லட்சம் என்று வகுத்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கூப்பிட வேண்டியது உறிஞ்சும் லாரியை. அதற்கான உதவி எண் 14420. லாரியின் குழாய் மட்டும் உள்ளே போகட்டும், அடியில் கெட்டிப்பட்டது வரவில்லை என்றால் தண்ணீர் விட்டுக் கலக்கி மறுபடி உறிஞ்சட்டும். "கொஞ்சம் இறங்கிப் பார்த்துடவா" என்று ஓட்டுநரின் உதவியாளர் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்வது வீட்டுக்காரரின் வேலை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுத்துவிட்டால் கசடு அந்த அளவுக்கு இறுகவும் இறுகாது.

கேஸ் பற்றிச் சுருக்கமாக. இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பார்ப்பது, காலாவதியாகும் முன்பு டியூபை மாற்றச் சொல்வது நம் வேலை. ரெகுலேட்டரையும் அடுப்பின் வால்வையும் பிரிப்பது நம் வேலை இல்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

சரி, தெரிந்தவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சான்றிதழைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம், சான்று உள்ளவர் கோபப்பட மாட்டார். வேலையைத் தொடங்கும் முன் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வந்ததும் மெயினை அணைத்து, அணைந்ததை மீட்டர் வைத்துச் சரிபார்த்தால் நம்பலாம். தளத்தைப் பார்க்க வந்தவர் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டு, எந்த வருடம் கட்டியது, எந்தத் தண்ணீரில் கலந்தது என்று விசாரித்தால் நம்பலாம். நின்ற இடத்திலிருந்தே விலை சொல்பவரை அனுப்பிவிடலாம். சில நேரம், "இது என் கையில ஆகாதும்மா, வேற ஆளைப் பாருங்க" என்பார் ஒருவர். அவருடைய நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த வேலைக்கு அவர்தான் சரியான ஆள்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்யப் பணம் யாரிடமும் இல்லை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் ஆர்சிசிபியையும் எர்த்தையும் முதலில் செய்யுங்கள், ஆவணி புரட்டாசிக்குள். பொருத்திய பிறகு அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை நீங்களே மாதம் ஒரு முறை அழுத்தி, டப்பென்று விழுகிறதா பாருங்கள். தளத்தில் கம்பி தெரிகிறதென்றால், பொறியாளர் வரும்வரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். குழந்தைகளின் பாயை முதலில் எடுத்துப் போடுங்கள். பெயின்ட் அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.